டபுள் பேஸ்: விரலைக் குறை சொல்லுமுன் குதிரையை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்ச் கொயருக்காக வாங்கிய டபுள் பேஸ் (வயலின் போன்ற, நிறுத்தி வாசிக்கும் பெரிய வாத்தியம்) உறை போட்டபடியே மூலையில் நிற்கிறது, பழகிய பிள்ளைகள் கை வலிக்கிறதென்று விட்டுவிட்டார்கள், சேலத்தில் இதைச் சொல்லித்தர ஆளே இல்லையா என்று தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஆள் தேவைதான். ஆனால் எவ்வளவு பெரிய வித்வான் வந்தாலும், தந்தி எட்டாத உயரத்தில் நிற்கும் வாத்தியத்தில் பிள்ளைகளுக்குக் கை வலிக்கத்தான் செய்யும். ஆசிரியரைத் தேடுமுன் ஒரு எவர்சில்வர் ஸ்கேலைத் தேடுங்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் பக்கம் பெரும்பாலும் கிடைப்பது முக்கால் அளவு டபுள் பேஸ். பெயரைப் பார்த்துச் சின்ன வாத்தியம் என்று நினைக்க வேண்டாம். வளர்ந்த ஆட்கள் வாசிப்பதே அதைத்தான். அதில் தந்தி அதிரும் நீளம் 104 முதல் 106 செ.மீ. வயலினில் இது 33 செ.மீ.கூட வராது. நான்கு தந்திகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. இப்படிப்பட்ட தந்தி, விரல் பதிக்கும் பலகையான ஃபிங்கர்போர்டிலிருந்து மூன்று, நான்கு மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கி நின்றால் பத்து நிமிடத்தில் கட்டைவிரல் அடிச்சதை இறுகிவிடும். தொழிற்சாலையிலிருந்து வரும் விலை குறைந்த பேஸ்களில், தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரையை (பிரிட்ஜ்) வேண்டுமென்றே உயரமாக விட்டு அனுப்புகிறார்கள். வாங்கும் இடத்தில் செதுக்கிப் பொருத்திக்கொள்வார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் அதை அப்படியே நிறுத்தி, தந்தியை முறுக்கி, பிள்ளையின் கையில் கொடுத்துவிடுகிறோம்.

அளப்பது இப்படி. சுருதி சரியாகச் சேர்த்திருக்க வேண்டும். ஃபிங்கர்போர்டின் கீழ்முனையில் ஸ்கேலை நிறுத்தி, பலகையின் மேற்பரப்பிலிருந்து தந்தியின் அடிப்பக்கம் வரை பாருங்கள். எஃகுத் தந்தியென்றால் மெல்லிய ஜி தந்திக்கு 5 முதல் 6 மி.மீ., தடித்த ஈ தந்திக்கு 8 முதல் 9 மி.மீ. இருந்தால் பழகுகிறவருக்குப் போதும். டி, ஏ இரண்டும் இடையில் படிப்படியாக ஏறும். வில் பிடிக்காமல் விரலால் மீட்டி மட்டும் வாசிப்பவர் இன்னும் ஒரு மில்லிமீட்டர் இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் கீழே போனால் பலமாக மீட்டும்போது தந்தி பலகையில் பட்டுக் கரகரக்கும். ஜி தந்தியே 10, 11 என்று காட்டினால் பிள்ளையின் மேல் குற்றமில்லை.

மேல்முனையில் தந்திகள் பதிந்து போகும் சின்னக் கட்டையான நட்டையும் விட்டுவிடாதீர்கள். அங்கே தந்திக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். இரண்டு, மூன்று கார்டு தாராளமாக நுழைகிறதென்றால் நட்டின் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் பொசிஷனில், அதாவது நட்டை ஒட்டிய கை நிலையில், மட்டும் விரல் வலித்து, மேலே போகப் போக எளிதாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் கோளாறு நட்டில்தான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கனமாக இருந்தால் குதிரையில்.

குதிரையின் இரண்டு காலிலும் திருகுச் சக்கரம் இருந்தால் வேலை சுலபம். தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரு பக்கமும் சம அளவு திருப்பி, மீண்டும் சுருதி சேர்த்து அளக்க வேண்டும். சக்கரம் இல்லாத குதிரையை மேல்விளிம்பில் மட்டுமே இறக்க வேண்டும், அதன் வளைவு கெடாமல். காலடியை ராவி உயரம் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காலடி, உடலின் முன்பக்கமான மேல்பலகையின் புடைப்புக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தியது. அதைத் தட்டையாக்கினால் ஒலி செத்துவிடும், நாளடைவில் பலகையும் அமுங்கும். வயலின் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இந்த ஒரு வேலையைச் செய்துகொண்டால், புதிய தந்தி செட் வாங்குவதைவிடப் பத்து மடங்கு பலன்.

குதிரை சாய்கிறதா என்பதையும் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சுருதி ஏற்ற ஏற்ற அதன் தலையைத் தந்திகள் ஃபிங்கர்போர்டு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். தந்திகளின் கீழ்முனையைக் கோத்திருக்கும் டெயில்பீஸைப் பார்த்திருக்கும் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக இருப்பதுதான் சரி. சாய்ந்திருந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து நிதானமாக நிமிர்த்துங்கள். பள்ளங்களில் பென்சில் கரி தேய்த்துவிட்டால் தந்தி வழுக்கிப் போகும், குதிரையை இழுக்காது. நட்டின் பள்ளத்துக்கும் அதே பென்சில்தான்.

உள்ளே ஜி தந்திப் பக்கத்துக் காலுக்குச் சற்றுப் பின்னால் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரத்தூண் நிற்கிறது. அதற்குப் பசை எதுவும் கிடையாது. தந்தியின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. துடைப்பதற்காக நான்கு தந்தியையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தூண் விழுந்து உள்ளே உருளும். விழுந்தது தெரியாமல் மறுபடி முறுக்கினால் மேல்பலகை அமுங்கிப் பிளக்கும். உருளும் சத்தம் கேட்டால் தந்தியைத் தளர்த்திவிட்டு உரியவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு எதையும் செய்யக்கூடாது.

இனி சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள வம்பு. சேலத்தில் மார்ச்சிலிருந்து மே வரை காற்று காய்ந்து கிடக்கும். மேலே, கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில், ஐப்பசி கார்த்திகையில் வாரக்கணக்கில் பனிமூட்டம். மரம் ஈரத்தைக் குடித்தால் மேல்பலகை புடைக்கும், குதிரை உயரும், தந்தியும் தூக்கும். காய்ந்தால் அப்படியே நேர்மாறு. சேலத்தில் ஏப்ரலில் அளந்து இறக்கிய பேஸ், நவம்பரில் ஏற்காட்டுப் பள்ளி அரங்கில் இரண்டு மில்லிமீட்டர் ஏறி நின்றால் யாரையும் திட்டிப் பயனில்லை. திருகுச் சக்கரம் வைத்த குதிரைதான் இந்த ஊருக்கு ஏற்றது என்று அடித்துச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அதே காரணத்துக்காக, பள்ளிக்கோ கொயருக்கோ வாங்கும் முதல் பேஸ் பிளைவுட் உடல் கொண்டதாக இருக்கட்டும். செதுக்கிய மரத்தின் ஒலி உயர்வுதான், சந்தேகமில்லை. ஆனால் அது வெடிக்கும், பிளைவுட் லேசில் வெடிக்காது.

கோடையில் இன்னொன்றும் நடக்கும். ஓரத்தில் பலகையும் பக்கச் சுவரும் ஒட்டிய இடம் வாய் பிளக்கும். ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் 'ஜ்ஜ்' என்று இரைச்சல் வந்தால், விரல் முட்டியால் ஓரத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டு விட்ட இடம் வேறு மாதிரிச் சொத்தையாகக் கேட்கும். அங்கே ஃபெவிகாலோ அரால்டைட்டோ போட்டுவிடாதீர்கள். பழைய ஆசாரிமார் காய்ச்சிப் பயன்படுத்தும் வஜ்ஜிரம்தான் அந்த இடத்துக்குரிய பசை. அடுத்த முறை பலகையைத் திறக்க வேண்டி வந்தால் வஜ்ஜிரம் வெந்நீருக்கு இளகிக் கொடுக்கும். மற்றவை மரத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. வண்டியில் ஏற்றும்போது பேஸை முதுகு கீழாகவோ குதிரை கீழாகவோ படுக்க வைக்கக்கூடாது. பக்கவாட்டில், விலாப்புறம் படும்படி, கீழே மெத்தையோ போர்வையோ விரித்துக் கிடத்துங்கள். அடியில் தரையில் ஊன்றும் கம்பியான எண்ட்பின்னை உள்ளே தள்ளி இறுக்கிவிட வேண்டும். தந்தியைத் தளர்த்தினால் நல்லது என்று சிலர் முழுவதும் இறக்குவார்கள்; முதல் வளைவிலேயே தூண் விழும். மே மாதக் கோடை விழா மேடைக்குக் கீழிருந்து கொண்டுபோகிறவர்கள், வாசிப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே உறையைக் கழற்றி வாத்தியத்தை மலைக்காற்றுக்குப் பழக்க வேண்டும். இறங்கி வரும் வழியில் சாப்பாட்டுக்கு வண்டியை வெயிலில் நிறுத்துவது பேஸுக்குச் செய்யும் துரோகம்.

தந்திக்கு வருகிறேன். கடையில் கேட்காமலே நடக்கும் பெரிய தவறு, பேஸ் கிட்டார் கம்பியை வாங்கிப் போடுவது. பெயரில் பேஸ் என்று இருப்பதால் வரும் வினை. பேஸ் கிட்டாரின் அதிரும் நீளம் 86 செ.மீ.தான், கம்பி டபுள் பேஸுக்கு எட்டாது. நீளக் கம்பி எதையாவது தேடிப் பிடித்து மாட்டினாலும், உருண்டைச் சுற்றுக் கம்பி வில்லின் முடியை அறுக்கும், கருங்காலிப் பலகையில் கோடு போடும். டபுள் பேஸ் தந்தி தட்டைச் சுற்றாகத்தான் இருக்க வேண்டும். விரலால் தடவினால் வழுவழுவென்று போகும்.

இரண்டாவது தவறு சுருதி வகையைப் பார்க்காமல் வாங்குவது. ஒரே பெயரில் ஆர்க்கெஸ்ட்ரா செட், சோலோ செட் என்று இரண்டு வரும். ஆர்க்கெஸ்ட்ரா செட் கீழிருந்து ஈ, ஏ, டி, ஜி. சோலோ செட் ஒரு முழுச்சுரம் மேலே, எஃப் ஷார்ப், பி, ஈ, ஏ. சோலோ தந்தியை இறக்கி ஈ, ஏ, டி, ஜி-யில் வைத்தால் தொளதொளக்கும், வில்லுக்குப் பிடிகொடுக்காது. ஆர்க்கெஸ்ட்ரா தந்தியை ஏற்றிக் கட்டினால் வாத்தியத்துக்கு வீண் பாரம். அட்டையில் முக்கால் அளவா முழு அளவா என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

இனி வகை. வில்லும் விரலும் இரண்டுமே பழகும் மாணவருக்குப் பல இழை முறுக்கிய எஃகு உள்ளீடு கொண்ட தந்தியே தோதானது. டி'அடாரியோ நிறுவனத்தின் ஹெலிகோர் இந்த வகை. அதிலேயே ஆர்க்கெஸ்ட்ரல், ஹைப்ரிட், பிட்ஸிகாட்டோ என்று வகைகள் உண்டு. கீர்த்தனையும் பாட்டும் கலந்து வாசிக்கும் கொயருக்கு ஹைப்ரிட் போதும். வியன்னாவின் தாமஸ்டிக் இன்ஃபெல்ட் செய்யும் ஸ்பைரோகோர், விரலால் மீட்டுவோருக்குப் பல காலமாகப் பிடித்த தந்தி. மீட்டிய ஒலி நெடுநேரம் நிற்கும், ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால் புதிதாக இருக்கும்போது வில்லுக்கு முரண்டு பிடிக்கும், உலோக வாடையோடு சீறும். வாங்குவதென்றால் வைஷ் என்று எழுதிய மென்மையான இழுவை, அல்லது மிட்டெல் என்ற நடுத்தர இழுவை. ஸ்டார்க் என்பது கடும் இழுவை, பழகுகிறவர் பக்கமே போக வேண்டாம். ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ செய்யும் ஃப்ளெக்ஸோகோர் வில்லுக்கென்றே உள்ள எஃகுத் தந்தி. அதே நிறுவனத்தின் இவா பிராஸி, ஆப்ளிகாட்டோ இரண்டும் செயற்கை இழை வகை. கைக்கு மெத்தென்று இருக்கும், ஒலி இருண்டு இனிக்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். தட்பவெப்பத்துக்கு எஃகு அளவுக்கு ஈடுகொடுக்காது. மாட்டிய முதல் இரண்டு வாரம் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். நரம்புத் தந்தி நம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஒத்துவராது, அதோடு விட்டுவிடலாம்.

இழுவை கூடினால் சத்தம் கூடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. லேசான பிளைவுட் பேஸில் பல நேரம் எதிர்மாறாக நடக்கிறது. கடும் இழுவை மேல்பலகையை அமுக்கிவிடுவதால் பலகை அதிர வழியில்லாமல் ஒலி சுருங்குகிறது. இழுவை குறைந்த தந்திக்கு மாற்றிய பிறகு வாத்தியம் வாய் திறப்பதும் உண்டு.

தந்தி மாற்றும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஒன்றைக் கழற்றி, ஒன்றைப் பூட்டி, சுருதிக்கு அருகில் கொண்டுவந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். காரணம் மேலே சொன்ன தூண். பழைய தந்தி வெளியே வந்ததும் குதிரை, நட் இரண்டின் பள்ளத்திலும் பென்சில். புதியதன் குண்டு முனையை டெயில்பீஸில் கோத்து, குதிரைக்கு மேலாகக் கொண்டுபோய், சுருதி திருகும் பிருடையின் உருளைத் துளையில் நுழைத்து ஒரு விரல் அகலம் வெளியே விடுங்கள். முதல் சுற்றை வெளியே நிற்கும் நுனியின் மேல் ஏற்றினால் பூட்டிக்கொள்ளும், வழுக்காது. அடுத்த சுற்றுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, பிருடைப் பெட்டியின் சுவர்ப் பக்கம் போகும்படி அடுக்க வேண்டும். மூன்று நான்கு சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் சுருதி நிற்காது. சுவரில் போய் நெருக்கினால் தந்தி நசுங்கும். முறுக்கும்போது தந்தியே திருகிக்கொள்ளாமல் மறு கையால் நேராகப் பிடித்திருக்க வேண்டும். திருகிய தந்தி வாழ்நாள் முழுக்கப் பொய்ச் சுருதி பேசும். ஒவ்வொரு தந்தி ஏறியதும் குதிரையை ஒரு பார்வை. கழற்றிய செட்டைத் தூக்கி எறியாமல் சுருட்டி வையுங்கள், நிகழ்ச்சிக்கு நடுவில் அறுந்தால் அதுதான் கைகொடுக்கும்.

சுருதி சேர்க்க ஒரு சூட்சுமம். ஈ தந்தியின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ். சாதாரணக் காதும் மலிவான டியூனரும் அங்கே தடுமாறும். கிளிப் டியூனரைக் குதிரையில் கவ்வ வைத்தால் ஓரளவு பிடிக்கும். அதைவிட நம்பகமானது ஹார்மானிக். ஜி தந்தியில் நட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், அதாவது 35 செ.மீ. அருகில், அழுத்தாமல் விரலை ஒற்றி வில்லிடுங்கள். டி தந்தியில் நான்கில் ஒரு பங்கில், 26 செ.மீ. அருகில், அதே போல் ஒற்றுங்கள். இரண்டும் ஒரே டி சுரத்தைத் தரும். இரண்டும் சேர்ந்து ஒலிக்கையில் கேட்கும் அலையடிப்பு அடங்கும்வரை பிருடையைத் திருப்பினால் தீர்ந்தது. டி-க்கும் ஏ-க்கும், ஏ-க்கும் ஈ-க்கும் இதே கணக்கு.

நிற்கும் நிலையில் நட் ஏறக்குறைய புருவ உயரத்தில் இருக்கும்படி எண்ட்பின்னை இழுத்துக்கொள்ளுங்கள். வாத்தியத்தின் பின்விளிம்பு இடது இடுப்புக்குழியில் சாய வேண்டும். இடது கையை முழுவதும் எடுத்துப் பாருங்கள். பேஸ் தானாக நின்றால் நிலை சரி. கழுத்தைப் பிடித்துத் தாங்கினால்தான் நிற்கிறதென்றால், அந்தக் கை வாசிக்க வந்த கையல்ல, முட்டுக்கொடுக்க வந்த கை. உட்கார்ந்து வாசிக்க 75 செ.மீ. உயர ஸ்டூல் வேண்டும். கொயர் நாற்காலி உதவாது.

இடது கை விரல் முறைக்கு வியன்னாவில் கற்பித்த ஃப்ரான்ஸ் சிமாண்டலின் (1840–1912) வழிதான் இன்றும் பெரும்பாலோர் தொடங்கும் இடம். கீழ்ப் பொசிஷன்களில் ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய விரல்கள் மட்டும். மூன்றாம் விரல் நான்காவதற்குத் துணையாகச் சேர்ந்தே அழுத்தும். ஏன் என்பதை அளவே சொல்லும். 105 செ.மீ. தந்தியில், ஜி தந்தியின் ஏ சுரம் நட்டிலிருந்து 11.5 செ.மீ.யிலும், பி சுரம் 21.7 செ.மீ.யிலும் விழுகின்றன. இந்த ஒரு முழுச்சுரத்துக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி. வயலினில் இதே தூரம் மூன்று சென்டிமீட்டர் சொச்சம். வயலின் பழகிய பிள்ளைகள் நான்கு விரலுக்கும் நான்கு சுரம் தேடிக் கையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். ஒன்றுக்கும் இரண்டுக்கும் அரைச்சுரம், இரண்டுக்கும் நான்குக்கும் அரைச்சுரம். அதற்கு மேல் வேண்டுமென்றால் கை முழுவதும் நகர வேண்டும், விரல் நீளக்கூடாது. கட்டைவிரல் கழுத்தின் பின்னால் இரண்டாம் விரலுக்கு நேராக நிற்கட்டும். முழங்கை தொங்கக்கூடாது. இடுக்கி போலக் கட்டைவிரலால் நெருக்காமல், கையின் கனத்தைப் பின்னோக்கி இழுத்துவிட்டால் தந்தி தானாகப் பலகையைத் தொடும். கட்டைவிரலை எடுத்துவிட்டு ஒரு சுரம் வாசித்துப் பார்ப்பது நல்ல சோதனை. நகரும்போதும் அந்த விரல் கையோடு சேர்ந்தே போக வேண்டும். பின்தங்கினால் சுருதி தாழும்.

முதல் மாதம் ஒரே மூச்சாக ஒரு மணி நேரம் வாசிப்பதைவிடக் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் வாசிப்பது நல்லது. விரல் நுனி எரிவது இயல்பு, காய்த்துவிடும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ சுரீரென்றால் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஸ்கேலை எடுங்கள். இந்தப் பயிற்சிக்கு நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது: தம்புரா. சுருதிப் பெட்டியோ செல்போன் செயலியோ, ஜி-யில் ஒலிக்கவிட்டு அதன்மேல் ஜி மேஜர் வரிசையை ஒரு சுரத்துக்கு ஒரு முழு வில் என்று இழுங்கள். கட்டையில் கோடு போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி வாசிப்பவர்களுக்கு இந்தக் காது வராது. ஒரு எச்சரிக்கை, செல்போன் ஸ்பீக்கரில் இந்த வாத்தியத்தின் அடிச்சுரம் கேட்கவே கேட்காது. வீடியோ பார்த்துப் பழகுகிறவர் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும்.

வில் இரண்டு வகை. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்துப் பிடிப்பது ஜெர்மன், வயலின் போல மேலிருந்து பிடிப்பது பிரெஞ்சு. எது உயர்ந்தது என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. சொல்லித்தருபவர் எதைப் பிடிக்கிறாரோ அதை வாங்குவதுதான் சேலத்தில் புத்திசாலித்தனம். ஆசிரியரே இல்லையென்றால், கனத்தைச் சிரமமின்றித் தந்தியில் இறக்க ஜெர்மன் பிடி முதலில் உதவும் என்பது இவ்வாசகனின் எண்ணம். வில்லை ஃபிங்கர்போர்டு முனைக்கும் குதிரைக்கும் நடுவில், தந்திக்குக் குறுக்காக வைக்க வேண்டும். ஜி-யில் குதிரைப் பக்கம் கொஞ்சம் நெருங்கலாம், ஈ-யில் ஃபிங்கர்போர்டு பக்கம் விலக வேண்டும். தடித்த தந்தி அசையத் தொடங்கவே நேரம் எடுக்கும். அதனால் ஈ-யில் வில் மெதுவாகப் போக வேண்டும், முதலில் கடித்துப் பிறகு இழுக்க வேண்டும். விசில் சத்தம் வந்தால் வேகம் அதிகம், கனம் குறைவு, அல்லது வில் கோணலாகப் போகிறது. கரடுமுரடாக நசுங்கினால் கனம் அதிகம், வேகம் போதவில்லை. முடியை முறுக்கும் அளவு, நடுப்பகுதியில் குச்சிக்கும் முடிக்கும் இடையே சுண்டுவிரல் நுழையும் அளவு. வாசித்து முடித்ததும் தளர்த்தியே ஆக வேண்டும்.

வில் முடியில் தடவும் பிசினான ரோசின் விஷயத்தில்தான் நம் ஊர் வெயில் தன் வேலையைக் காட்டும். வயலின் ரோசின் டபுள் பேஸுக்கு உதவாது, கெட்டியானது, தடித்த தந்தியைப் பிடிக்காமல் வழுக்கும். பேஸ் ரோசின் இளக்கமானது. அமெரிக்காவின் பாப்ஸ் அதிகப் பிடிப்புள்ளது, அதே அளவுக்கு உருகும். சேலத்து மே மாதத்தில் அதைப் பையில் படுக்கப் போட்டால் மாலைக்குள் வழிந்து காகிதம், உறை, வில் எல்லாவற்றிலும் அப்பிக்கொள்ளும். நிமிர்த்தியே வைக்க வேண்டும், மூடியுள்ள சின்ன டப்பியில், வீட்டின் குளிர்ந்த மூலையில். கீழே இருப்பவர்களுக்குக் கார்ல்சன் அல்லது கோல்ஸ்டைனின் ஆல்வெதர் தோது. ஏற்காட்டு மார்கழிக் குளிரில் கெட்டி ரோசின் தூளாக உதிரும், பிடிக்காது. அங்கே பாப்ஸும் கோல்ஸ்டைன் சாஃப்டும் சரியாக இருக்கும். மேலும் கீழும் வாசிப்பவர் இரண்டு வைத்துக்கொள்வது ஆடம்பரமல்ல. தடவும் முறையும் வேறு. வயலின்காரர் போல முன்னும் பின்னும் தேய்க்கக்கூடாது. பிடியிலிருந்து நுனி வரை ஒரே திசையில் மூன்று, நான்கு இழுப்பு. எதிர்த்திசையில் இழுத்தால் முடி ஒட்டிக்கொண்டு அறுந்துவரும். தந்தியில் படிந்ததை வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடையுங்கள். கெட்டிப்பட்டுவிட்டால் துணியில் ஒரு சொட்டு ஸ்பிரிட், அதுவும் கீழே பலகையை வேறு துணியால் மூடிக்கொண்டு. ஸ்பிரிட் பட்ட இடத்தில் வார்னிஷ் போனது போனதுதான்.

விடுமுறைக்குப் பூட்டிவைத்த பெட்டியைத் திறந்தால் வில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்து கிடக்கும். பெட்டி இருட்டில் வளரும் சின்ன வண்டின் புழுக்கள் தின்றதே காரணம். மாதம் இருமுறை பெட்டியைத் திறந்து, உதறி, வெளிச்சம் காட்டினாலே பெரும்பாலும் வராது.

மற்ற சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ட்பின் நுனி ரப்பர் தேய்ந்து ஆணி வெளியே வந்தால் கிரானைட், மொசைக் தரையில் பேஸ் சறுக்கிக்கொண்டு ஓடும். மருந்துக்கடையில் ஊன்றுகோலுக்கு விற்கும் ரப்பர் குப்பி, எண்ட்பின் விட்டம் பார்த்து வாங்கினால், அந்த வேலையை அருமையாகச் செய்யும். எண்ட்பின் கம்பியே வளைந்துவிட்டால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதாவது லேத் பட்டறைக்குப் போங்கள், அதே விட்டத்தில் கடைந்து கொடுப்பார்கள். ஒரு குறிப்பிட்ட சுரத்தில் மட்டும் பேஸ் ஓநாய் போல ஊளையிட்டால், குதிரைக்குக் கீழே டெயில்பீஸுக்குப் போகும் தந்திப் பகுதியில் மாட்டும் சின்னப் பித்தளைக் குழாய் உண்டு. அதை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக நகர்த்தி, ஊளை அடங்கும் இடத்தில் திருகி விடலாம். கழுத்துப்பட்டை, விளக்கு, அலங்கார வில் பை எல்லாம் பணம் மிஞ்சினால்.

வாத்தியத்தின் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்ப உதவும் பிக்கப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் சர்ச்சிலும் கல்யாண மேடையிலும் ஒலி கெடுவது இங்கேதான். குதிரையில் சொருகும் பியசோ பிக்கப்பின் வயரை நேரே மிக்ஸரில் குத்தினால் அடிச்சுரம் காணாமல் போய், மூக்கால் பேசும் ஒலிதான் வரும். மிக்ஸரின் உள்வாங்கும் மின்தடை அதற்குக் குறைவு. நடுவில் குறைந்தது ஒரு மெகா ஓம் உள்வாங்கும் ப்ரீஆம்ப் அல்லது டி.ஐ. பெட்டி கட்டாயம். அதன் பிறகு ஸ்பீக்கரில் ஊளை வந்தால் சத்தத்தைக் குறைக்குமுன் வாத்தியத்தை ஸ்பீக்கருக்கு முதுகு காட்டாத இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

கடைசியாக, பழைய பேஸ் வாங்கப் போகிறவர்களுக்கு. கழுத்து உடலோடு சேரும் குதிகால் பகுதியில் மயிரிழைக் கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், அங்கே விரிசல் இருந்தால் விலை பேசவே வேண்டாம். மேல்பலகையில் ஜி பக்கத்துக் காலுக்கு நேர் கீழே செல்லும் விரிசல் தூண் குத்தியது, அதுவும் பெரிய செலவு. ஓரங்களில் ஒட்டு விட்டிருப்பது பெரிய குறையல்ல, விலையைக் குறைக்கச் சாக்காகும். ஃபிங்கர்போர்டைப் பக்கவாட்டில் கண் வைத்துப் பார்த்து, நடுவில் லேசான குழிவு மட்டும் இருக்கிறதா, மேடு தட்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். பிருடைகள் நான்கும் சறுக்காமல் திரும்ப வேண்டும். கேட்கும் விலையோடு குதிரை செதுக்கும் கூலியையும் ஒரு எஃகுத் தந்தி செட்டின் விலையையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகைக்கு அது பெறுமா என்று முடிவு செய்யுங்கள். அந்த இரண்டும் இல்லாமல் எந்தப் பழைய பேஸும் வாசிக்கும் நிலைக்கு வராது.

இப்படிக்கு,
ஒரு பேஸ் வாசிப்பாளர்,
அஸ்தம்பட்டி, சேலம் – 7.